சேர்மன் தேர்தல் வேண்டாம், கமிட்டியில் இடம் வேண்டும்

மதிய ஷிப்ட்:
அரசுக் கலைக் கல்லூரியில் இரண்டாம் ஷிப்ட் படிக்கிறேன். இந்த வருடம் எங்கள் வகுப்பு முடியும் நேரத்தை அரை மணி நேரம் தள்ளி வைத்துவிட்டார்கள். ஊருக்குப் போகும் டவுன் பஸ் அதற்குள் கிளம்பிவிடுகிறது, அடுத்த பஸ் ஏழு மணிக்கு மேல்தான். பெண்கள் பலர் கடைசி பீரியடை விட்டுவிட்டுப் பஸ் ஏறுகிறார்கள். அப்புறம் வருகைப்பதிவு குறைந்து, அதற்கான கண்டோனேஷன் கட்டணம் கட்டுகிறார்கள். கேட்டால், "மாணவர் பிரதிநிதியையும் வைத்துத்தானே முடிவெடுத்தோம்" என்று பதில் வருகிறது. விசாரித்தால், அவர் துறைத்தலைவர் கைகாட்டிய காலை ஷிப்ட் மாணவர். நல்ல பையன்தான், ஆனால் எங்கள் பஸ் அவனுக்கு எப்படித் தெரியும்?

மாணவர் பேரவைச் சேர்மன், செகரட்டரி, மாலை மரியாதை எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொரு வகுப்பும் ரகசிய வாக்கெடுப்பில் ஆளைத் தேர்ந்தெடுக்கட்டும். அவர்களிலிருந்து கால அட்டவணை, நூலகம், விடுதி, குறைதீர்ப்பு என ஒவ்வொரு கமிட்டிக்கும் ஆள் போகட்டும். வகுப்புப் பிரதிநிதிகள் வழியாகப் பேரவை அமைக்கும் முறை, மாணவர் தேர்தலுக்கு விதி வகுத்த லிங்டோ குழுவின் 2006 அறிக்கையிலேயே இருக்கிறது. அந்த ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது.

ஓய்வுபெற்ற சாக்பீஸ்:
தம்பி, பஸ் நேரம் மாற்ற ஒரு மனு போதும், தேர்தல் எதற்கு? பேரவைத் தேர்தலுக்குப் பொறுப்பாசிரியராக இருந்தவன் சொல்கிறேன். வேட்புமனு வாங்கிய அன்று மாலையே விடுதியில் நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்துவிடுவார்கள், எந்த வகுப்பில் எந்த ஊர்க்காரன் எத்தனை பேர் என்று. 'ஊர்' என்றால் என்ன என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2008 நவம்பர் 12 அன்று சென்னை சட்டக் கல்லூரி வாசலில் போலீஸ் வேடிக்கை பார்க்க மாணவர்கள் அடித்துக்கொண்டதை டிவியில் நாடே பார்த்தது. அச்சடித்த தாளில் கல்லூரியின் பெயரோடு அம்பேத்கர் பெயரைப் போடாமல் விட்டதில் தொடங்கியது அது. ஒரு தாளுக்கே அப்படி என்றால், வாக்குச்சீட்டுக்கு?

லிங்டோ விதிகளையும் பார்த்தாயிற்று. வேட்பாளருக்கு 5,000 ரூபாய்தான் செலவு வரம்பு, அச்சடித்த போஸ்டரே கூடாது. அப்படி இருந்தும் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 2024 செப்டம்பரில் மாணவர் தேர்தல் நடந்தபோது என்ன ஆயிற்று? சுவரெல்லாம் நாசமாகிக் கிடந்ததால், சுத்தம் செய்யும்வரை எண்ணக்கூடாது என்று உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. முடிவு வெளிவர நவம்பர் ஆகிவிட்டது.

மதிய ஷிப்ட்:
சார், மனு கொடுத்தோம். பெற்றுக்கொண்டதாக ரப்பர் ஸ்டாம்ப் மட்டும் கிடைத்தது. சட்டக் கல்லூரியில் நடந்தது தேர்தல் தகராறு இல்லை என்று உங்கள் பதிவிலேயே இருக்கிறது. சாதி வாக்குப்பெட்டியோடு உள்ளே வருவதில்லை, அது ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறது. துறைத்தலைவர் ஆள் பொறுக்கும்போது மட்டும் வெளியே போய் நிற்கிறதா?

மெஸ் பில்:
விடுதி மெஸ் செகரட்டரியாக இருந்தவன் என்ற முறையில் நடுவில் வருகிறேன். எங்களுடையது டிவைடிங் சிஸ்டம். தெரியாதவர்களுக்கு: மாதம் முழுக்க ஆன செலவை, எல்லோரும் சாப்பிட்ட மொத்த நாள்களால் வகுத்தால் தலைக்கு ஒரு நாள் கணக்கு வரும். யார் எத்தனை நாள் சாப்பிட்டாரோ அத்தனை நாள் பில். மார்க்கெட்டுக்குப் போய் காய்கறி எடுப்பது, கேஸ் சிலிண்டர் எண்ணுவது, ஸ்டோர் ரூம் சாவி எல்லாம் மாணவர் கையில். பொறுப்பு மாதம் ஒரு பேட்சுக்கு மாறும், அதனால் தேர்தலும் இல்லை, நியமனமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டன் போட்டால் அன்றைக்குக் கைதட்டுவார்கள், மாதக் கடைசியில் பில் போர்டைப் பார்த்துவிட்டுக் கழுவி ஊற்றுவார்கள். அடுத்த மாதம் திட்டியவனே எண்ணெய் டின்னை எடை போட்டு இறக்குவான்.

ஆளை எப்படிப் பிடிப்பது என்றுதான் இருவரும் மல்லுக்கட்டுகிறீர்கள். எனக்குக் கேள்வி வேறு: அந்தக் கமிட்டிக்குள் போனவர் கணக்கைப் பார்க்கலாமா? தேர்வுக் கட்டணம், மறுமதிப்பீட்டுக் கட்டணம், விளையாட்டு நிதி என்று வருடா வருடம் வாங்குகிறார்களே, அதன் வரவு செலவு கண்ணில் படாத பிரதிநிதி டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டு வருவார், அவ்வளவுதான்.

லேப் கோட்:
ஆராய்ச்சி மாணவி. தேர்தல் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டையில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். சில இடங்களில் தேர்தல் ஏற்கெனவே கட்டாயம். பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள் புகார்க் குழு பற்றி யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2015இல் கொண்டுவந்த ஒழுங்குமுறையைப் பாருங்கள். மாணவர் தொடர்புடைய புகார் என்றால் இளநிலை, முதுநிலை, ஆராய்ச்சி என மூன்று நிலைகளிலிருந்தும் ஒவ்வொரு மாணவர் அதில் இருக்க வேண்டும், வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவராக. எங்கள் வளாகத்தில் அந்தக் குழுவின் பெயர்ப்பலகையில் இருக்கும் மூவரில் ஒருவர் படிப்பை முடித்துப் போய்விட்டார். வாக்களித்ததாக ஒருவருக்கும் நினைவில்லை. தரக்கண்காணிப்புக் குழுவிலும் ஒரு மாணவர் உண்டு. அவர் யார் என்பது, கல்லூரிக்குத் தர மதிப்பீடு போடும் நாக் குழு வரும் வாரத்தில்தான் எங்களுக்கே தெரிந்தது.

குறைதீர்ப்புக் குழுவுக்கு யுஜிசியின் 2023 ஒழுங்குமுறை வேறு மாதிரி. படிப்பிலோ விளையாட்டிலோ சிறந்த ஒரு மாணவரை நியமித்தால் போதும், அதுவும் சிறப்பு அழைப்பாளராக. கறிவேப்பிலை.

ஆனால் மதிய ஷிப்ட் தம்பிக்கும் ஒன்று: வகுப்புக்கு ஒருவர் என்றால் பத்தில் எட்டு வகுப்பில் பையன்தான் வருவான். ஆணுக்கு ஒரு இடம், பெண்ணுக்கு ஒரு இடம் என்று முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். பஸ் பிரச்சினையே பெண்களுடையதுதானே?

வாளையார் தாண்டி:
கேரளத்தில் படிக்கும் தமிழன். உங்கள் கோரிக்கையைப் படித்தால் பரிதாபமாக இருக்கிறது. இங்கே 1974 சட்டப்படியே கேரளப் பல்கலைக்கழகத்தையே நடத்தும் பேரவையில் (செனட்) மாணவர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பும் மாணவர்கள் உட்காருகிறார்கள். கால அட்டவணைக் கமிட்டியில் ஓரமாக ஒரு நாற்காலி கொடுங்கள் என்று கெஞ்சுவதில்லை. கட்சிச் சார்போடு நேரடித் தேர்தல் வைத்தால்தான் நிர்வாகம் பயப்படும்.

நியமனம் என்றால் அரசியல் இருக்காது என்று நினைக்கும் சாக்பீஸ் சாருக்கு: அதே செனட்டுக்குத் திறமை அடிப்படையில் நான்கு மாணவர்களை வேந்தரான ஆளுநர் நியமித்தார். வழக்காகி, 2024 மே மாதம் உயர் நீதிமன்றம் நால்வரின் நியமனத்தையும் ரத்து செய்தது. திறமைக்கும் கட்சி உண்டு சார்.

ஓய்வுபெற்ற சாக்பீஸ்:
லிங்டோ குழு உருவானதே கேரளக் கல்லூரி முதல்வர்கள் பல்கலைக்கழகத்தோடு மோதிய வழக்கில்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அங்கே எல்லாம் சுகம் என்றால் அந்த வழக்கு ஏன் டெல்லிவரை போனது?

லேப் கோட் அம்மா சொல்வது நியாயம், விதியில் இருப்பதை நடத்தட்டும். வகுப்பளவில் வாக்கெடுப்பு, ஆண் பெண் இருவர், பிரசாரம் இல்லை, கட்சி இல்லை என்றால் சரி, எனக்குப் பெரிய ஆட்சேபமில்லை. ஆனால் லிங்டோ போட்ட தகுதிகள் அப்படியே இருக்க வேண்டும்: 75 சதவீத வருகை, போட்டியிடும் ஆண்டில் அரியர் கூடாது.

மதிய ஷிப்ட்:
அங்கேதான் சார் இடிக்கிறது. எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு அரியர். பலர் காலையில் கூரியர் போடுகிறார்கள், முகூர்த்த நாள் என்றால் கேட்டரிங்கில் பந்தி பரிமாறிவிட்டு நேராக வகுப்புக்கு வருகிறார்கள். மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுவது அவர்கள், கண்டோனேஷன் கட்டுவது அவர்கள். அதைப் பற்றிப் பேசும் கமிட்டிக்கு ஆல் பாஸ் ஆனவன்தான் போகலாம் என்றால், மறுபடி அந்தக் காலை ஷிப்ட் பையன்தானே போவான்? சேர்மனுக்கு அந்த விதி இருக்கட்டும். வகுப்புப் பிரதிநிதிக்குப் பொருத்தாதீர்கள்.

மெஸ் பில்:
எங்கள் மெஸ்ஸில் கணக்கைத் துல்லியமாக எழுதியவனுக்கு மேத்ஸில் இரண்டு அரியர். தகவலுக்காக.

ஓய்வுபெற்ற சாக்பீஸ்:
சிரித்தேன். ஆனாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அரியர் இருக்கிறவன் அந்த ஒரு மணி நேரத்தில் படிக்கட்டும், கமிட்டியில் வந்து உட்கார வேண்டாம். அவனை உட்கார வைத்துவிட்டு அவன் அப்பா வந்து கேட்டால் நான் என்ன பதில் சொல்வது?

லேப் கோட்:
கால அட்டவணைக் கமிட்டி ஒரு செமஸ்டருக்கு எத்தனை தடவை கூடும் சார்? எங்கள் இடத்தில் ஒரே ஒரு தடவை.