எக்ஸர்க்: "அடிக்களம்" சரிவருமா?

வணக்கம். நாணயவியல் அகராதிக்காக "எக்ஸர்க்" (exergue) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். நாணயத்தில் உருவத்துக்குக் கீழே உள்ள பகுதி அது. உங்கள் யோசனைகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில்.

> "கீழ்ப்பிறை" என்றே வைத்துவிடலாம். வடிவம் உடனே பிடிபடும்.

வடிவம் பிறை இல்லையே, ஐயா. உருவம் நிற்கும் தரையாக ஒரு நேர்கோடு. அதற்குக் கீழே விளிம்பு வரை மிஞ்சும் இடம்தான் எக்ஸர்க். பள்ளிக் கணக்கில் வட்டத்துண்டு என்போமே, அந்த வடிவம். ரோமானிய நாணயங்களில் நிஜப் பிறையே பொறித்திருப்பதும் உண்டு. அட்டவணையில் "கீழ்ப்பிறை" என்று படிப்பவர் நிலாவைத் தேடுவார்.

> மூலச்சொல் "வேலைக்கு வெளியே" என்றுதானே? "புறப்பணி"?

பொதுப்பணித்துறை நினைவு வருகிறது. வேண்டாம்.

> "அடியெழுத்து" எளிமையாக இருக்கிறது.

ரோமப் பேரரசர் அகஸ்டஸின் ஆரியஸ் என்ற பொற்காசு ஒன்றில் முட்டப் பாயும் காளை. கோட்டுக்குக் கீழே "இம்ப் எக்ஸ்", அதாவது பத்தாம் முறை இம்பெராட்டர் (வெற்றித் தளபதி) என முழங்கப்பட்டவர். அதற்கு அடியெழுத்து பொருந்தும். அவருக்குப் பின் ஆண்ட டைபீரியஸின் ஆரியஸை எடுங்கள். அமர்ந்திருக்கும் பெண் (டைபீரியஸின் தாய் லிவியா என்பாரும் உண்டு), ஒரு கையில் செங்கோல், மறுகையில் கிளை. எழுத்தெல்லாம் விளிம்பை ஒட்டியே ஓடுகிறது. இருக்கைக்குக் கீழே சிலவற்றில் ஒற்றைக்கோடு, சிலவற்றில் இரட்டைக்கோடு, அதன்கீழ் வெறுமை. உள்வகை பிரிப்பவர்கள் அந்தக் கோட்டைப் பார்க்கிறார்கள். எழுத்தே இல்லாத இடத்தை அடியெழுத்து என்பதா?

என் பரிந்துரை "அடிக்களம்". உருவத்தைச் சுற்றியுள்ள வெற்றிடத்தைக் களம் என்று ஏற்கெனவே பேசி முடித்துவிட்டோம். இது அதன் இணை. இந்த இணை எவ்வளவு தேவை என்பதற்கு பேரரசர் ஒனோரியஸ் காலத்தில் இத்தாலியின் ராவென்னாவில் அடித்த சாலிடஸ் என்ற பிற்கால ரோமானியப் பொற்காசு போதும். பேரரசர் கைதியை மிதித்து நிற்கிறார். கையில் உருண்டைமேல் நிற்கும் வெற்றித்தேவதை. களத்தில் இருபுறமும் "ஆர்", "வி": அடித்த ஊர் ராவென்னா. அடிக்களத்தில் "கோமோப்": ஊரைச் சொல்லாது, பொன்னின் தரத்தைச் சொல்லும். இரண்டையும் "கீழே உள்ள எழுத்து" என்று எழுதினால் ஊரும் தரமும் குழம்பிப் போகும்.

கிழக்கில் அடித்தவற்றில் "கோனோப்". முதல் பாதி கான்ஸ்டாண்டினோபிள். கடைசி இரண்டு எழுத்து புடமிட்ட பொன்னைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் சுருக்கம். அதே இரண்டு எழுத்தைக் கிரேக்க எண்ணாகப் படித்தால் 72. ஒரு ரோமானிய ராத்தல் பொன்னில் 72 சாலிடஸ், ஒன்று ஏறக்குறைய 4.5 கிராம். இவ்வளவும் அந்தச் சிறு துண்டுக்குள். அதற்கு ஒரு தனிப்பெயர் கொடுப்பதில் தவறில்லை.

> அப்படியானால் மின்ட்மார்க், அதாவது நாணயம் அடித்த கூடத்தின் குறி? தங்கசாலைக் குறி?

வெள்ளியும் செம்பும் அதே கூடத்தில்தான் அடித்தார்கள். "அக்கசாலைக் குறி" மேல். பழைய சொல், உலோகம் எதுவானாலும் ஒட்டும். உருவம் நிற்கும் அந்த நேர்கோட்டுக்கு "அடிக்கோடு" மட்டும் வேண்டாம். எழுத்தின் கீழே இழுக்கும் கோட்டுக்கு அது போய்விட்டது. இங்கே "தரைக்கோடு" என்றே ஏற்றுகிறேன். மறுப்பிருந்தால் சொல்லுங்கள், அகராதிப் பட்டியல் இன்னும் திறந்தே இருக்கிறது.