புது நாட்டில் பிள்ளைகளுக்குப் பள்ளியா, ஹோம்ஸ்கூலிங்கா?

வந்து இறங்கிய சில மாதங்களிலேயே பலர் கேட்கிற கேள்வி இது. "பையன் வகுப்பில் வாயே திறப்பதில்லையாம். கணக்கெல்லாம் அவன் ஏற்கெனவே படித்ததுதான். பேசாமல் வீட்டிலேயே சொல்லிக் கொடுத்துவிடலாமா?" என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாடு புதிது என்றால் ஒரு முழுக் கல்வியாண்டாவது பள்ளிக்கு அனுப்புங்கள். ஹோம்ஸ்கூலிங் மீது எனக்குப் பகை எதுவும் இல்லை. அருமையாகச் செய்கிற குடும்பங்களைத் தெரியும். ஆனால் அவர்களில் பெரும்பாலானவர்கள் ஊர் பழகி, நாலு பேரைத் தெரிந்துகொண்ட பிறகு ஆரம்பித்தவர்கள்.

முதலில் சட்டம். இதைப் பார்க்காமல் ஆன்லைன் பாடத்திட்டத்துக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். ஜெர்மனியில் பிள்ளை பள்ளிக்கு நேரில் போயே ஆக வேண்டும். மீறினால் அபராதம். பிள்ளைகளைக் கொஞ்ச காலம் பெற்றோரிடமிருந்து பிரித்துவைத்த வழக்குகூட உண்டு. அதில் 2019இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஜெர்மனி செய்தது சரி என்றே சொன்னது. ஸ்வீடனில் 2010ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு மிக அபூர்வமான சூழ்நிலைக்குத்தான் அனுமதி. பிரான்சில் முன்பு தகவல் கொடுத்தால் போதும். 2022 முதல் முன் அனுமதி வாங்க வேண்டும். உடல்நிலை, தீவிர விளையாட்டு அல்லது கலைப் பயிற்சி, இடம் மாறிக்கொண்டே இருக்கும் வாழ்க்கை என்று காரணங்களை வரையறுத்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைக்கென்று தனிப்பட்ட காரணம் இருந்தாலும் கேட்கலாம், ஆனால் அதற்குக் கல்வித் திட்டம் எழுதிக் காட்ட வேண்டும்.

அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் ஹோம்ஸ்கூலிங் சட்டப்படி செல்லும். ஆனால் விதிகளில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். டெக்சாஸில் யாரிடமும் பதிவுசெய்ய வேண்டியதில்லை. நியூயார்க்கிலோ கடிதம், பாடத்திட்டம், காலாண்டு அறிக்கை, வருட மதிப்பீடு என்று வரிசையாகக் கொடுக்க வேண்டும். வேலை மாறி மாநிலம் மாறுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் சிறப்புப் பள்ளி அல்லாத சாதாரணப் பள்ளியிலிருந்து பிள்ளையை எடுக்கத் தலைமையாசிரியருக்கு எழுத்தில் தெரிவித்தால் போதும். ஸ்காட்லாந்தில் அரசுப் பள்ளி என்றால் உள்ளூராட்சி அமைப்பான கவுன்சிலின் சம்மதம் வேண்டும். எந்த நாடானாலும், காகித வேலையை முடிக்காமல் பிள்ளையை அனுப்புவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வராத நாட்கள் கணக்கில் ஏறும், அப்புறம் அதிகாரிகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சரி, வகுப்பில் பேசாத பிள்ளை விஷயத்துக்கு வருவோம். புது மொழிக்குள் விழுந்த குழந்தை சில வாரம், சில சமயம் பல மாதம்கூட, வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆசிரியர்களுக்கு இது பழக்கப்பட்டதுதான்; பயந்துபோவது நாம்தான். "இன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக வீட்டில் விளையாடும்போது காதைக் கொடுங்கள். தெரிந்த வீட்டில் ஒரு சின்னப் பெண், வகுப்பில் ஊமை மாதிரி இருப்பவள், பொம்மைகளைச் சுவரோரம் உட்கார வைத்து, அவள் டீச்சரின் அதே இழுப்போடு ஆங்கிலத்தில் அதட்டிக்கொண்டிருந்தாள். வாக்கியம் பாதி தப்பு, தொனி மட்டும் அச்சு அசல். அந்தச் சமயத்தில்தான் அவள் அப்பா பள்ளியை நிறுத்துவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

நன்றாகப் பேச ஆரம்பித்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். டொராண்டோவைச் சேர்ந்த ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் இதைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்: விளையாட்டுத் திடல் ஆங்கிலம் ஏறக்குறைய 2 ஆண்டில் வந்துவிடும், பாடப்புத்தக ஆங்கிலத்தில் மற்ற பிள்ளைகளை எட்டிப் பிடிக்க 5 முதல் 7 ஆண்டு ஆகும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் பள்ளியில் மொழி உதவி இருக்கிறது. அமெரிக்க அரசுப் பள்ளிகள் இதைக் கொடுத்தே ஆக வேண்டும். சான்பிரான்சிஸ்கோவின் சீன வம்சாவளி மாணவர்கள் தொடுத்த வழக்கில் 1974இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்தது. அட்மிஷனின்போது ஒரு படிவம் தருவார்கள்: குழந்தை முதலில் பேசிய மொழி எது, வீட்டில் பேசுவது எது என்று. பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடும் என்று நம்மவர்களில் பலர் எல்லாக் கட்டத்திலும் 'ஆங்கிலம்' என்று எழுதிவிடுகிறார்கள். தயவுசெய்து தமிழ் என்றே எழுதுங்கள். ஒரு தேர்வு வைப்பார்கள். ஆங்கிலம் போதுமானதாக இருந்தால் விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் காசில்லாமல் கூடுதல் பாடம் கிடைக்கும். வீட்டில் உட்கார்ந்தால் இதை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

நீங்கள் என்றால் யார்? நம் குடும்பங்களில் பெரும்பாலும் அம்மா. இதைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. கணவரின் விசாவில் வந்து, வேலை பார்க்க அனுமதி இல்லாமல், கார் ஓட்டத் தெரியாமல் வீட்டில் இருக்கிற பெண்ணிடம் "நீ சும்மாதானே இருக்கே" என்று ஹோம்ஸ்கூலிங்கைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அவருக்கும் அது புது ஊர். பள்ளி வாசலில் மாலை பிள்ளையை அழைக்க நிற்கும் அந்தப் பத்து நிமிடம்தான் பலருக்கு அக்கம்பக்கத்தாரோடு பேசக் கிடைக்கிற ஒரே நேரம். பிள்ளை வீட்டோடு என்றால் அதுவும் போய்விடும். ஓட்டுநர் உரிமம், மொழி வகுப்பு, பிற்பாடு வேலை எல்லாம் தள்ளிப் போகும். ஆகவே ஐயா, வாரத்தில் எந்தெந்த நாள் நீங்கள் பாடம் எடுப்பீர்கள் என்று முதலில் எழுதிக் காட்டுங்கள். எழுத முடியவில்லை என்றால் பேச்சை அத்தோடு விட்டுவிடலாம்.

"தமிழ் மறந்துவிடுமே" என்பது நியாயமான பயம். அதற்குப் பள்ளியை விட வேண்டியதில்லை. வீட்டில் தமிழிலேயே பேசுவது, வார இறுதித் தமிழ்ப் பள்ளி, இரண்டும் போதும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 12ஆம் வகுப்பு இறுதித் தேர்வுக்கே தமிழைப் பாடமாக எடுக்கலாம். கணக்கு எளிதாக இருக்கிறது என்றால் மாலையில் அரை மணி நேரம் கூடுதலாகப் போட வையுங்கள், தீர்ந்தது.

ஒரு வருடம் காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. அடி உதை, கேலி என்று புகார் கொடுத்தும் பள்ளி அசையவில்லை. பிள்ளைக்குச் சிறப்புக் கவனம் தேவை, பள்ளி அதைத் தரவில்லை. காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று தினமும் உடம்பே மறுக்கிறது. அங்கே நான் தடுக்க மாட்டேன். வேறு பள்ளி ஒன்றையும் கூடவே விசாரியுங்கள், அவ்வளவுதான்.

இரண்டு மூன்று வருடத்தில் இந்தியா திரும்பிவிடுவோம் என்பவர்களுக்கு: என்ஐஓஎஸ் என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக 10, 12ஆம் வகுப்புத் தேர்வு எழுதலாம், 10க்குக் குறைந்தபட்ச வயது 14. ஆனால் அதில் சேர்ந்திருப்பதால் நீங்கள் இருக்கும் நாட்டின் கட்டாயக் கல்விச் சட்டம் உங்களை விட்டுவிடாது. இங்கிலாந்தில் வீட்டிலிருந்து படித்தால், நம்மூர் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு மாதிரியான ஜிசிஎஸ்இ எழுதத் தனித் தேர்வராகச் சேர்த்துக்கொள்ளும் மையத்தை நீங்களே தேடி, கட்டணத்தையும் நீங்களே கட்ட வேண்டும். எல்லா மையமும் வெளியாட்களைச் சேர்க்காது, அதனால் தேர்வுக்கு ஒரு வருடம் முன்பே கேட்டு வைத்துவிடுங்கள்.