ஏஐ எழுதிய நிரூபணத்தை லீன் ஏற்றுக்கொண்டால் போதுமா?

கேள்வி: ஏஐ எழுதிக் கொடுத்த கணித நிரூபணம், நிரூபணங்களைச் சரிபார்க்கும் கணினி மொழியான லீன் (Lean) 4-இல் பிழையின்றி ஓடுகிறது. இன்னும் என்ன சரிபார்க்கணும்?

முதலெண் (பதிலளிப்பவர்): 'சாரி' (sorry), அதாவது நிரூபிக்காமல் விட்ட இடத்தை நிரப்பும் சொல், எங்காவது ஒளிந்திருக்கிறதா பாருங்க. அதற்கு எச்சரிக்கை மட்டும்தான் வரும், பிழை வராது. கடைசியில் தேற்றத்தின் பெயரோடு '#பிரிண்ட் ஆக்ஸியம்ஸ்' (#print axioms) கொடுங்க; நிரூபணம் எந்த அடிகோள்களைச் சார்ந்திருக்கிறது என்று அது காட்டும். அதில் 'சாரிஆக்ஸ்' (sorryAx) வந்தால் நிரூபணம் முழுமையில்லை.

எல்லை (இன்னொரு பதிலளிப்பவர்): அதைவிடப் பெரிய ஆபத்து தேற்றத்தின் கூற்றில்தான். லீனில் இயல் எண்களுக்கு 2 − 3 = 0. மெய்யெண்களில்கூட 1/0 = 0 தான்! அதனால் நீங்கள் நினைத்தது ஒன்று, நிரூபணமானது வேறொன்று என்று ஆகிவிடும். கூற்றை மட்டும் தனியே எடுத்து நீங்களே வரிவரியாகப் படிங்க. கழித்தல் இருந்தால், குறை எண்களும் அடங்கிய முழுக்களில் எழுதச் சொல்லுங்க.

கேட்டவர்: கருதுகோள்களே முரண்பட்டால்?

முதலெண்: எதையும் நிரூபித்துவிடலாம். அவை அனைத்தையும் நிறைவு செய்யும் ஓர் உதாரணத்தை லீனிலேயே கட்டிக் காட்டுங்க.