மறு: 'ஷிங்கிள் பேங்க்' – கூழாங்கல் கரை பொருந்துமா?

> "கூழாங்கல் கரை" என்றே வைத்துவிடலாமே. பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.

ஐயா, வணக்கம். புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். கரை என்றால் ஆற்றுக்கோ குளத்துக்கோ அணைவாக நிற்பது. நாம் தமிழ்ப்பெயர் தேடுகிற 'ஷிங்கிள் பேங்க்' (shingle bank), அதாவது கடலோரத்தில் அலை குவிக்கும் கல்மேடு, ஒரே இடத்தில் நிற்காது. போன வருஷம் படகு போன வழியில் இந்த வருஷம் கல் குவிந்து கிடக்கும்.

இங்கிலாந்தின் சஃபோக் கடற்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்டு ஆறு ஆல்ட்பரா ஊருக்குத் தெற்கே கடலுக்கு ஏறத்தாழ 100 மீட்டர் வரை நெருங்கிவிடும். அங்கேயே கலந்துவிட வேண்டியதுதானே? இல்லை. தெற்கே திரும்பி, 'ஓர்' (Ore) என்று பெயரும் மாறி, சுமார் 16 கிலோமீட்டர் ஓடித்தான் கடல் சேரும். குறுக்கே நீண்டு கிடப்பது ஆர்ஃபர்ட் நெஸ் என்னும் கல்மேடு, பெரும்பாலும் சிக்கிமுக்கிக் கல். ஆற்றுவாயில் இருக்கும் சிற்றூரின் பெயரே ஷிங்கிள் ஸ்ட்ரீட்!

இதைக் கட்டியது அலை. வடகிழக்கிலிருந்து சாய்வாக வந்து கல்லைச் சாய்வாகவே மேலே தள்ளும். திரும்பும் நீர் நேராக இறங்கும். இப்படியே கல் தெற்கே நகர்கிறது. மேலே போன கல் அங்கேயே தங்குவது ஏன் என்று சென்ற மடலில் கேட்டிருந்தீர்கள். வீடு கட்டும் இடத்தில் ஜல்லிக் குவியல் மேல் ஒரு வாளி தண்ணீரை வீசிப் பாருங்கள். வழிந்து வராது, உள்ளே இறங்கிவிடும். அலைநீரும் அப்படித்தான்: ஏறும்போது இருக்கும் வேகம் இறங்கும்போது இருக்காது. அதனால்தான் இந்தக் கரைகள் மணற்கரையைவிடச் செங்குத்தாக இருக்கின்றன.

ஓதத்தின் (கடல்நீர் ஏறி வற்றுவதன்) வேலை வேறு. வற்றும்போது ஆற்றுவாய் வழியாக நீர் பாய்ந்து வெளியேறும். வடக்கிலிருந்து வந்து விழும் கல்லைக் கடல் பக்கம் தள்ளும். வேகம் குறையும் இடத்தில் கல் குவியும். அதை மறுபடி அலை பிடித்து, தென்கரையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆக, கரையோடு ஒட்டி நீள்வது ஒன்று, ஆற்றுவாயில் தனியே கிடந்து இடம் மாறுவது இன்னொன்று. இரண்டையும் ஒரே 'கரை'யில் அடைப்பது எனக்கு ஒப்பவில்லை.

இனி பெயரின் முதல் பாதி. கூழாங்கல் என்றால் கையில் எடுத்துப் பார்க்கும் வழவழப்பான ஒற்றைக் கல். ஷிங்கிள் என்பது 2 முதல் 200 மில்லிமீட்டர் வரை எல்லாம் கலந்து கிடக்கும் குவியல். சரளை என்றால் சாலைபோடும் நினைவுதான் வரும். 'பரல்' இருக்கிறதே! சங்கப் பாடல்களில் பாலைவழி நடப்பவர் காலை உறுத்தும் கல், சிலம்புக்குள் குலுங்கும் கல். அலை பின்வாங்கும்போது இந்தக் கற்கள் எழுப்பும் கலகலப்புக்கும் பொருந்துகிறது. (இது வாதமில்லை, ஆசை.)

இரண்டாம் பாதிக்கு மன்னார்ப் பக்கத்துச் சொல்: தீடை. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே கிடப்பவற்றை மணல் தீடை என்பார்கள். தமிழில் வாழும் சொல் இருக்க, புதிதாக ஒன்றைப் படைப்பானேன்?

என் முன்மொழிவு: தனித்துக் கிடப்பது பரல்தீடை, கரையோடு ஒட்டி நீள்வது பரல்நாக்கு. புணர்ச்சி விதிப்படி 'பரற்றீடை' என்றுதானே வரவேண்டும் என்று ஒருவர் கட்டாயம் எழுதுவார். கற்றூண் என்றா எழுதுகிறோம்? கல்தூண் என்றுதானே!

ஒன்று மட்டும் பாக்கி. ஒவ்வொரு உயர் ஓதமும் தான் எட்டிய மட்டத்தில் ஒரு வரிசை கல்லை ஒதுக்கிவிட்டுப் போகும். புயலலை ஒதுக்கியது எல்லாவற்றுக்கும் மேலே கிடக்கும். சரிவில் படிபடியாகத் தெரியும் அந்த மேடுகளுக்குப் 'பரல்வரப்பு' என்று எழுதி வைத்திருக்கிறேன். வயல் வரப்பில் நடந்து பழகியவர்கள் குழுவில் இருக்கிறீர்கள், பொருந்துமா என்று சொல்லுங்கள்.