டிசம்பர் குளிரில் முதுகுப் பையோடு ஆறு நகரம்: இந்தத் திட்டம் சரியா வருமா?

மலைக்கோட்டை_பையன்

எல்லாருக்கும் வணக்கம். நான் ஜெர்மனியில கெம்னிட்ஸ்ல மாஸ்டர்ஸ் படிக்கிறேன், சொந்த ஊர் திருச்சி. கிறிஸ்துமஸ் லீவுக்கு நானும் ரூம்மேட்டும் முதுகுல பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பலாம்னு இருக்கோம். ரெண்டு பேருக்குமே ஜெர்மனிக்கு வெளியில இதுதான் முதல் பயணம்.

திட்டம்: டிசம்பர் 21, 22 ப்ராக். 22 ராத்திரி பஸ் ஏறி கிராக்கோவ். 23, 24 அங்க சுத்திட்டு 25 ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாம். 26 வார்சா. அன்னைக்கு ராத்திரி பஸ்ல புடாபெஸ்ட், 27, 28 அங்க. 29 பிராட்டிஸ்லாவா. 30, 31 வியன்னா, புத்தாண்டு அங்கேயே. ஜனவரி 1 ராத்திரி பஸ்ல திரும்பிடுவோம். ராத்திரி பஸ்ஸுன்னா ரூம் வாடகை மிச்சம்னு கணக்குப் போட்டோம்.

கேட்க வேண்டியது சிலது இருக்கு. 40 லிட்டர் பை போதுமா? ஜாக்கெட் நல்லதா வாங்கிட்டேன், வேற என்ன அவசியம்? ரூம்மேட் சுத்த சைவம், முட்டையும் தொட மாட்டான், அவன் என்ன சாப்பிடுவான்? வீட்டுல அம்மா "இந்தக் குளிருல எதுக்குடா, வெயில் காலத்துல போயேன்"னு சொல்றாங்க. ஆனா கோடை லீவுல ரெண்டு பேருக்கும் பார்ட் டைம் வேலை இருக்கும், இப்பத்தான் முடியும். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

ப்ர்னோவாசி

முதல்ல ஒண்ணு. ஆஷ்விட்ஸ் நினைவிடம் டிசம்பர் 25 மூடியிருக்கும். ஜனவரி 1ஆம் தேதியும் ஈஸ்டர் ஞாயிறும்கூட அப்படித்தான். நுழைவு இலவசம், ஆனா முன்கூட்டியே ஆன்லைன்ல பதிவு பண்ணணும். டிசம்பர்ல மத்தியானம் 2 மணிக்கு மேல உள்ள விட மாட்டாங்க. போலந்துல 2025ல இருந்து டிசம்பர் 24ம் அரசு விடுமுறை. 24, 25, 26 மூணு நாளும் கிராக்கோவ்ல கடை திறந்திருக்கும்னு நம்பிப் போகாதீங்க.

கரிசக்காட்டு_அக்கா

தம்பி, நான் கோவில்பட்டிக்காரி. வியன்னாவுல ஒரு ஹாஸ்டல் ரிசப்ஷன்ல வேலை பாக்குறேன். உங்க திட்டத்தப் படிச்சதும் பதில் எழுதாம இருக்க முடியல. குளிர் காலத்துல உங்களை மாதிரிப் பிள்ளைங்க எப்படி வந்து சேருறாங்கன்னு கவுண்டர்ல நின்னு பாக்குறவ நான்.

ராத்திரி பஸ்ஸுல வாடகை மிச்சம்னு சொல்றீங்க. அந்த பஸ் உங்களைக் காலையில அஞ்சு, அஞ்சரைக்கு இறக்கி விடும். பெரும்பாலும் அது ஊருக்கு ஒதுக்குப்புறமான பஸ் நிலையம். வெளிய மைனஸ்ல இருக்கும், கும்மிருட்டு. ரூம் மத்தியானம் ரெண்டு மூணு மணிக்குத்தான் கிடைக்கும். அந்த நேரத்துல எங்க கதவத் தட்டுற பிள்ளைங்களுக்குப் பாஸ்போர்ட் பையோட ஜிப்பத் திறக்க விரல் வளையாது, நான்தான் திறந்து எடுத்துக் குடுப்பேன். லாபி சோபாவுல ஜாக்கெட்டோட உக்காந்தபடியே தூங்குவாங்க. அப்புறம் கண்ணு எரிய எரிய அரை நாள் ஊரச் சுத்திட்டு, சாயங்காலம் ஆறு மணிக்குப் படுத்துருவாங்க. மிச்சம் புடிச்ச வாடகைக்கு ஒரு முழு நாள் போயிடுது. உங்க திட்டத்துல அந்த மாதிரி மூணு ராத்திரி இருக்கு.

குளிர் காலப் பயணத்துல காசவிட வெளிச்சந்தான் கம்மி. டிசம்பர் கடைசியில ப்ராக்ல காலை எட்டு மணிவாக்குல விடிஞ்சு நாலு மணிக்கு அடைஞ்சிடும். வார்சாவுல மூணரைக்கே சூரியன் போயிடும். மொத்தம் எட்டு மணி நேரப் பகல்! அதுல நாலு மணி நேரத்த ஒரு ஊருல இருந்து இன்னொரு ஊருக்குப் போறதுல செலவழிச்சா கையில என்ன மிஞ்சும்? அதனால ஆறு நகரத்த மூணாக் குறைங்க. ப்ராக், புடாபெஸ்ட், வியன்னா. கிராக்கோவ் அருமையான ஊருதான், ஆனா அத வசந்தத்துல தனியா வெச்சுக்கோங்க. ஆஷ்விட்ஸ் ஓட்டத்துக்கு நடுவுல போய்ப் பாக்குற இடமில்ல. அதோட இன்னொரு பகுதியான பிர்கெனாவ் முகாம் முழுக்கத் திறந்த வெளி, காத்து ஊசியாக் குத்தும். அங்க அவசரமில்லாம நிக்கணும், அதுக்குப் பிறகு வேற எங்கயும் ஓடக் கூடாது.

இப்ப வரிசை. 21ல இருந்து 26 காலை வரைக்கும் ப்ராக். டிரெஸ்டன் வரை உங்க டாய்ச்லாண்ட் டிக்கெட்லயே (ஜெர்மனி மாசாந்திர பாஸ்) வந்துடுங்க, அங்கிருந்து ரெண்டேகால் மணி நேரத்துல ப்ராக். ரயில்ல இடது பக்க ஜன்னல் புடிங்க. எல்பே ஆறும் மணற்பாறை மலையும் அந்தப் பக்கந்தான் வரும். பகல் ரயிலா எடுங்க.

கிறிஸ்துமஸ ப்ராக்ல வைக்கச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. பழைய நகரச் சதுக்கத்துக் கிறிஸ்துமஸ் சந்தை ஜனவரி 6 வரை நடக்கும். வியன்னாவுல ராட்ஹவுஸ் (நகர மன்றம்) முன்னாடி இருக்குற பெரிய சந்தைய 26ஓட எடுத்துருவாங்க. புடாபெஸ்ட்ல 24 சாயங்காலம் டிராமும் மெட்ரோவும் பெரும்பாலும் நின்னுடும், புதுசா வர்றவங்க திண்டாடிப் போவாங்க. ப்ராக்ல 24க்கு முந்தின நாட்கள்ல தெருமுனையில பெரிய பிளாஸ்டிக் தொட்டி வெச்சு உயிர்க் கெண்டை மீன் விப்பாங்க. ஜனங்க வரிசையில நிப்பாங்க. வியாபாரி வலைக்கரண்டியால ஒண்ண அள்ளித் தராசுல போடுவார், அது துள்ளித் தண்ணி தெறிக்கும். அங்கேயே வெட்டிச் சுத்தம் பண்ணித் தருவாங்க, சில பேர் உயிரோடயே வாங்கிட்டுப் போவாங்க. கெண்டை வறுவலும் உருளைக்கிழங்கு சாலட்டும்தான் அவங்க 24 ராத்திரிச் சாப்பாடு. கையில கிளவுஸ்கூட இல்லாம அந்தப் பனித் தண்ணிக்குள்ள கை விட்டு வேலை பாக்குறவங்கள நின்னு பாருங்க. அந்த ஊரு ஜனங்களோட கிறிஸ்துமஸ் அங்கதான் தெரியும்.

சார்ல்ஸ் பாலத்துக்கு விடியும்போது போங்க. 1357ல கட்ட ஆரம்பிச்ச பாலம், மத்த நேரமெல்லாம் கூட்டம் நெரியும். கோடையில சூரியோதயம் பாக்க நாலரைக்கு எந்திரிக்கணும். டிசம்பர்ல ஏழரைக்குப் போனாப் போதும். இது குளிர் காலம் குடுக்குற சலுகை, விடாதீங்க. கல் பாவின தரை, ராத்திரி ஈரம் உறைஞ்சு வழுக்கும். பாதத்த முழுசா ஊனிச் சின்ன அடியா வெச்சு நடங்க.

26 காலையில ப்ராக்ல இருந்து புடாபெஸ்ட்டுக்கு நேரடி ரயில், ஏழு மணி நேரத்துக்குள்ள போயிடும். ப்ர்னோ, பிராட்டிஸ்லாவா வழியாத்தான் போகுது. கடைசிப் பகுதியில டான்யூப் வலது பக்கம் கூடவே வரும். 29 வரைக்கும் புடாபெஸ்ட். அங்க இருட்டினப்புறம் செய்ய வேண்டியது செச்சேனி வெந்நீர்க் குளம். 1913ல திறந்தது. பனி கொட்டினாலும் வெளிக் குளங்கள் திறந்திருக்கும், சூடானதுல தண்ணி கிட்டத்தட்ட 38 டிகிரி. ஆவிக்குள்ள தாத்தாக்கள் கழுத்தளவு தண்ணியில நின்னு செஸ் ஆடுவாங்க. டிக்கெட் விலை கொஞ்சம் ஜாஸ்திதான், ஆனா குடுக்கலாம். ரப்பர் செருப்பும் துண்டும் எடுத்துட்டுப் போங்க. உடை மாத்துற இடத்துல இருந்து குளத்துக்கு நடக்குற அந்தக் கொஞ்ச தூரம் வெறுங்காலோட தாங்காது.

30க்கு வியன்னா வந்துடுங்க, ரெண்டே முக்கால் மணி நேரம். எங்க ஊரப் பத்தித் தனியா எழுதுறேன், இப்ப ஷிப்ட் ஆரம்பிக்குது.

சைவப்பட்சி

நானும் முட்டை சேர்க்காத சைவம், புடாபெஸ்ட்டில் வேலை பார்க்கிறேன். உங்கள் நண்பருக்காக எழுதுகிறேன்.

ப்ராகில் சைவம் என்று கேட்டால் பொரித்த சீஸைத்தான் கை காட்டுவார்கள். அதை முட்டையில் முக்கித்தான் பொரிக்கிறார்கள், கூட வரும் டார்டார் சாஸிலும் முட்டை உண்டு. காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் அடியில் இறைச்சிச் சாறு இருக்கலாம், கேட்டுவிடுங்கள். செக் மொழியில் "பெஸ் மாசா, பெஸ் வயெட்ஸ்" என்றால் இறைச்சி வேண்டாம், முட்டை வேண்டாம்.

புடாபெஸ்ட்டில் லாங்கோஷ் நல்ல துணை. எண்ணெயில் பொரித்த பெரிய ரொட்டி, மேலே பூண்டுத் தண்ணீர், புளிப்புக் கிரீம், துருவின சீஸ். சுடச்சுட ஒன்று சாப்பிட்டால் மத்தியானச் சாப்பாடு முடிந்தது. சில கடைகளில் பன்றிக் கொழுப்பில் பொரிப்பார்கள், அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபோசெலேக் என்று ஒன்று கிடைக்கும். பட்டாணி, பூசணி, பசலை என்று ஏதாவது ஒரு காயைக் குழைய வேகவைத்து நம் கூட்டு மாதிரி தருவார்கள். மேலே முட்டையோ இறைச்சியோ வைப்பது தனி, வேண்டாம் என்று சொல்லிவிடலாம். வியன்னா தெருக்களில் சுட்ட செஸ்ட்நட்டும் உருளைக்கிழங்கும் காகிதப் பொட்டலத்தில் விற்பார்கள். கையும் சூடாகும், வயிறும் நிறையும்.

சமையலறை உள்ள ஹாஸ்டலாகப் பார்த்து எடுங்கள். ஒரு கிலோ அரிசி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் போதும். ராத்திரி சுடுசோறு உள்ளே போனால் மறுநாள் குளிரைத் தாங்கத் தெம்பு தானாக வரும். கிறிஸ்துமஸ் நாட்களுக்கு வேண்டிய சாமானை 23ஆம் தேதியே வாங்கி வைத்துவிடுங்கள். செக் நாட்டில் 24 மத்தியானத்தோடு பெரிய கடைகளை அடைப்பார்கள், 25, 26 திறக்க மாட்டார்கள்.

மலைக்கோட்டை_பையன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரூம்மேட்கிட்டக் காட்டினேன், ஃபோசெலேக் பத்திப் படிச்சிட்டு அவன் முகமே மாறிடுச்சு. மூணு நகரம்னே முடிவு பண்ணிட்டோம். ப்ராக் ரூமும் போட்டாச்சு. அக்கா, வியன்னா பத்தியும் உடுப்பு பத்தியும் சொல்லுங்களேன். பை 40 லிட்டர் பத்துமா?

கரிசக்காட்டு_அக்கா

நல்ல முடிவு தம்பி. பை 40 தாராளம். சக்கரப் பெட்டி வேண்டவே வேண்டாம், கல் பாவின தெருவுல உருளாது.

ஜாக்கெட் இருக்குன்னு சொன்னீங்க. ஜாக்கெட்ட நினைக்கிற யாரும் பாதத்த நினைக்கிறதில்ல. பனி விழுந்த தெருவுல உப்புத் தூவுவாங்க, அது கரைஞ்சு சேறாக் கிடக்கும். வலைத் துணி ஸ்போர்ட்ஸ் ஷூ பத்து நிமிஷத்துல ஊறிடும். தண்ணி புகாத ஷூ, கம்பளி சாக்ஸ் மூணு ஜோடி. ஈரமான ஷூவுக்குள்ள பழைய நியூஸ்பேப்பரச் சுருட்டி வெச்சுட்டுப் படுங்க, காலையில காஞ்சிருக்கும். உள்ள போடுறது பருத்தி பனியனா இருக்கக் கூடாது. வேர்வையக் குடிச்சு வெச்சுக்கிட்டு வெளிய வந்ததும் ஜில்லுன்னு ஆயிடும். தெர்மல், அதுக்கு மேல ஃப்ளீஸ், அதுக்கு மேல ஜாக்கெட். மியூசியத்துலயும் டிராம்லயும் ஹீட்டர் அனலா இருக்கும், அதனால ஒவ்வொண்ணாக் கழட்டுற மாதிரி போடுங்க. தேங்காய் எண்ணெய் கட்டியாகிடும், உதட்டுக்கும் கைக்கும் வேசலின் வெச்சுக்கோங்க. செல்போனை உள் சட்டைப் பையில வைங்க, வெளிப் பையில வெச்சா 40 சதவீதம் சார்ஜ் இருக்கும்போதே அணைஞ்சு போகும்.

வியன்னா. 30 சாயங்காலம் இருட்டினதும் கலை வரலாற்று மியூசியம் போங்க. பையையும் ஜாக்கெட்டையும் கீழ வெச்சுட்டு நேரா ஓவியர் ப்ரூகல் அறைக்கு. 1565ல அவர் வரைஞ்ச பனி வேட்டைக்காரங்க ஓவியம் அங்க இருக்கு. முதுகு காட்டி நடக்குற மூணு பேர், தலை தொங்கின நாய்ங்க, வேட்டையில சிக்கினது ஒரே ஒரு நரி. கீழ உறைஞ்ச குளத்துல ஜனங்க சறுக்கி விளையாடுறாங்க. குளிருல நாள் முழுக்க நடந்துட்டு வந்து அதுக்கு முன்னாடி நில்லுங்க. அந்த நாய்ங்க நடை உங்க கால்லயே தெரியும். நான் லீவு கிடைக்கும்போதெல்லாம் போய் நிக்கிறது அங்கதான்.

ஸ்டேட் ஒப்பேராவுல நின்னு பாக்குற டிக்கெட் சாப்பாட்டு விலைதான். உள்ள போனதும் உங்க இடத்துக் கம்பியில மஃப்ளரக் கட்டிடுங்க, அதுதான் இங்க இடம் புடிக்கிற வழக்கம். அப்புறம் வெளிய போயிட்டு வரலாம், யாரும் தொட மாட்டாங்க.

31 ராத்திரி நகர மையத்துல தெருவெல்லாம் மேடை போட்டுப் பாட்டும் ஆட்டமும்தான். பன்னெண்டு மணிக்கு ஸ்டீபன் தேவாலயத்துப் பும்மரின் மணி அடிக்கும், 20 டன்னுக்கு மேல எடை. சத்தம் நெஞ்சுல அதிரும். மணி முடிஞ்சதும் வால்ட்ஸ் நடன இசை போடுவாங்க, நடுத்தெருவுல முன்பின் தெரியாதவங்ககூட கை கோத்து ஆடுவாங்க. கூட்டத்துல ரெண்டு பேரும் பிரிஞ்சிட்டா எங்க சந்திக்கிறதுன்னு முன்னாடியே பேசி வைங்க, அந்த நேரத்துல நெட் சரியாக் கிடைக்காது. அந்த ராத்திரிக்கு ஹாஸ்டல் விலை கடகடன்னு ஏறும், இந்த வாரமே போட்டுடுங்க.

டிராம், மெட்ரோ டிக்கெட் காகிதமா வாங்கினா மறக்காம மெஷின்ல குத்துங்க. டிக்கெட் கையில இருந்தும் குத்தாததால அபராதம் கட்டிட்டு வர்ற பிள்ளைங்க நிறைய. ஏடிஎம்ல யூரோவுல மாத்தட்டுமான்னு கேட்டா வேண்டாம்னு அழுத்தி, செக்ல கொருனா, ஹங்கேரியில ஃபோரின்ட்னு அந்தந்த நாட்டுப் பணத்துலயே எடுங்க.

திரும்பும்போது ரயில்லயோ பஸ்லயோ ஜெர்மன் போலீஸ் ஏறலாம், 2024 செப்டம்பர்ல இருந்து எல்லா நில எல்லையிலயும் சோதனை வெச்சிருக்காங்க. ஜெராக்ஸும் போன் போட்டோவும் செல்லாது. பாஸ்போர்ட், ரெசிடென்ஸ் கார்டு ரெண்டும் ஒரிஜினல் உள் சட்டைப் பையில இருக்கட்டும், பெரிய பைக்குள்ள போடாதீங்க.