பாகெட் ரொட்டி கடலூர் வருவதற்குள் தோல் போல ஆகிவிடுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். வீடு கடலூர் மஞ்சக்குப்பம். இரண்டு மாதமாக ஞாயிறுதோறும் விடியற்காலையில் பைக்கில் புதுச்சேரி போய், ஒயிட் டவுன் பக்கம் ஒரு பேக்கரியில் பாகெட் (நீளமான பிரெஞ்சு ரொட்டி) வாங்கி வருகிறேன். ஆறரைக்குக் கதவு திறக்கும்போதே வரிசை நிற்கும். ஏழேகாலுக்கு மேல் போனால் பன்தான் மிஞ்சும். கையில் வாங்கும்போது ரொட்டி சூடாக இருக்கும், லேசாக அழுத்தினால் மேலோடு அப்பளம் போல நொறுங்கும். அந்தச் சத்தம் அப்பாவுக்கு அவ்வளவு பிடிக்கும். புதுச்சேரியில் வேலை பார்த்த காலத்துப் பழக்கம், காபியில் தொட்டுச் சாப்பிடுவார்.

அரியாங்குப்பம், கன்னியக்கோயில் தாண்டி வீட்டுக்குச் சுமார் 22 கி.மீ., முக்கால் மணி நேரம். அதற்குள் மேலோடு நமுத்து, பிய்த்தால் இழுபடுகிறது.

பிளாஸ்டிக் பையில் வைத்தேன், உள்ளே வேர்த்துவிட்டது. காகிதப் பை கொஞ்சம் தேவலாம், மழை நாளில் அதுவும் பயனில்லை. காடாத் துணியில் சுற்றினேன். கடை வாசலிலேயே இருபது நிமிடம் ஆறவிட்டும் எடுத்து வந்தேன். சரி, வீட்டில் சூடாக்கலாம் என்று 16 லிட்டர் ஓடிஜியில் (சிறிய மின்சார அவன்) 180 டிகிரியில் பத்து நிமிடம் வைத்தால், மேலே மொறுமொறுப்பு வருகிறது, உள்ளே வறண்டு உதிர்கிறது. ஃப்ரிட்ஜில் வைத்தது இன்னும் மோசம், மறுநாளே கட்டையாகிவிட்டது.

உள்ளே மெத்தென்றே இருந்து மேலோடு மட்டும் மொறுமொறுக்க, தண்ணீர் தெளித்து வைக்க வேண்டுமென்றால் எவ்வளவு தெளித்து, எத்தனை டிகிரியில் எத்தனை நிமிடம் வைக்கிறீர்கள்?