பசங்களோட இங்கிலீஷ் நெஜமாவே கெட்டுப்போச்சா, இல்ல பெரியவங்க புலம்பலா?

செந்தூரன்77:
ரொம்ப நாளா மனசுல கெடந்தத இங்க கொட்டிடறேன். ஆபீஸ்ல புதுசா சேர்ற பசங்க வெளிய அனுப்பற மெயில் எல்லாம் முதல்ல என் பார்வைக்குத்தான் வரும், படிச்சா தலை சுத்துது. ஷுட் ஹேவ்னு வர வேண்டிய எடத்துல ஷுட் ஆஃப், வாக்கியம் ஆரம்பிக்கற எடத்துல கேப்பிடல் லெட்டர் கெடையாது, முற்றுப்புள்ளி கெடையாது, நாலு வரிக்கு ஒரு ஸ்மைலி. ஃப்ரெண்டுக்கு சாட்ல எப்படி அடிக்கறாங்களோ அதே கையோட கிளையண்ட்டுக்கும் அடிக்கறாங்க. இங்கிலீஷ்ல ஒரு பக்கத்துக்கு ஏதாவது அனுப்பினா முழுசா படிக்கறதும் இல்ல, சுருக்கமா சொல்லிடுங்க சார்னு வந்து நிக்கறாங்க. எங்க காலத்துல ஒரு தப்பு விட்டா அதையே திரும்பத் திரும்ப எழுத வைப்பாங்க, அந்த பயத்துலயே கை சரியா எழுத பழகிடுச்சு. போனும் சாட்டும் சேர்ந்து ஒரு தலைமுறையோட இங்கிலீஷையே முடிச்சு கட்டிடுச்சுங்கறதுதான் என் கருத்து. மறுப்பு இருந்தா தாராளமா சொல்லுங்க.

மின்மினி:
மறுப்பு இருக்குண்ணா. நான் காலேஜ் படிக்கறேன், எங்க செட்ல எல்லாருக்கும் சாட் வேற அசைன்மெண்ட் வேறன்னு நல்லாவே தெரியும். சாட்ல புள்ளி வெக்காதது தெரியாமையால இல்ல, அங்க புள்ளிக்கு வேற அர்த்தம் இருக்கு. ஃப்ரெண்டு கிட்ட வர்றியான்னு கேட்டா அவ ஓகேன்னு போட்டு பக்கத்துல ஒரு புள்ளியும் வெச்சா நான் உடனே என்னடி கோவமான்னு கேப்பேன். இத 2015லயே அமெரிக்காவுல பிங்ஹாம்டன் யூனிவர்சிட்டில சோதிச்சுப் பாத்தாங்க, ஒரே பதில புள்ளியோடயும் புள்ளி இல்லாமலும் ஸ்டூடண்ட்ஸ் கிட்ட காட்டினப்ப, டெக்ஸ்ட் மெசேஜ்ல புள்ளியோட வந்தத மனசார சொல்லாததுன்னு எடுத்துக்கிட்டாங்க, அதே பதில் கையால எழுதின சீட்டுல இருந்தப்ப அந்த வித்தியாசம் தெரியல. ஆக எங்க எப்படி எழுதணும்னு ஒரு கணக்கு எங்ககிட்டயும் இருக்கு, நீங்க பாக்கறது கணக்கு தெரியாத சில பேர மட்டும்.

சொல்வேட்டை:
செந்தூரன் சார், நான் மொழியியல் படிச்சவன், உங்க கோவம் புரியுது, ஆனா இந்தக் கோவத்துக்கு ரொம்ப வயசாச்சு. 1710லயே கலிவர் கதை எழுதின ஜோனதன் ஸ்விஃப்ட் பத்திரிகைல இதே மாதிரி கொதிச்சாரு. மோபிலே வுல்குஸ்ங்கற லத்தீன் தொடர வெட்டி, கும்பலுக்கு சொல்ற மாப்னு ஆக்கிட்டாங்க, நானும் எவ்வளவோ தடுத்துப் பாத்தேன்னு எழுதினாரு. அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு, 1712ல, இங்கிலீஷ திருத்தி அப்படியே மாறாம நிறுத்தி வெக்க ஒரு சபை வேணும்னு தனி பிரசுரமே போட்டாரு, சபையும் வரல, மொழியும் நிக்கல, மாப் இன்னைக்கு எல்லா டிக்‌ஷனரிலயும் ஒக்காந்திருக்கு.

உங்க ஆபீஸ் கதைக்கே நேர் முன்னோடி ஒண்ணு இருக்கு பாருங்க. 1921ல இங்கிலாந்துல நியூபோல்ட் ரிப்போர்ட்னு இங்கிலீஷ் எப்படி சொல்லித் தர்றாங்கன்னு ஆராய்ஞ்ச அரசாங்க அறிக்கை வந்துச்சு. அதுல பெரிய கம்பெனிக்காரங்க, புதுசா வர்ற சின்ன வயசு கிளார்க்குங்களுக்கு தெளிவா சரியா இங்கிலீஷ் பேசவும் வரல எழுதவும் வரலன்னு சொல்லியிருக்காங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடி, போனும் இல்ல சாட்டும் இல்ல. அப்புறம் 1975 டிசம்பர்ல அமெரிக்காவுல நியூஸ்வீக் அட்டைக் கட்டுரையே போட்டுது, பசங்களுக்கு எழுத வரலன்னு. அதுல திட்டு வாங்கின பசங்கதான் இப்ப பேரன் பேத்திங்கள திட்டிட்டு இருக்காங்க.

சுருக்கெழுத்தும் புதுசு இல்ல. நீங்க மெயில்ல தெனமும் எழுதற ஓகே இருக்கே, அது 1839ல பாஸ்டன் பத்திரிகை ஒண்ணுல ஆல் கரெக்ட்ங்கறத வேணும்னே தப்பு ஸ்பெல்லிங்ல போட்டு சுருக்கினது. ஓஎம்ஜிய 1917ல சர்ச்சிலுக்கு எழுதின கடிதத்துல போட்டவரு லார்டு ஃபிஷர், பிரிட்டிஷ் கடற்படை அட்மிரல், அப்ப அவருக்கு வயசு 76.

அகல்விளக்கு:
நான் இங்கிலீஷ் டீச்சர், ஸ்டாஃப் ரூம்ல இந்த ரெண்டு பக்கத்தையும் தெனமும் கேக்கறவ. சொல்வேட்டை, உங்க வரலாறு எல்லாம் சரி, ஆனா அத வெச்சு இப்ப ஒண்ணுமே நடக்கலன்னு முடிவு கட்டறீங்க பாருங்க, அங்கதான் நான் ஒத்துக்க மாட்டேன். புலி வருது புலி வருதுன்னு முந்நூறு வருஷமா யாரோ கத்திட்டு இருந்தாங்கங்கறதால புலியே கெடையாதுன்னு ஆகிடாது.

நேப்னு அமெரிக்க அரசாங்கமே நடத்தற அளவீடு இருக்கு, அதுல 13 வயசு பிள்ளைங்கள நீ ஆசைக்காக எவ்வளவு படிப்பன்னு கேக்கறாங்க. கிட்டத்தட்ட தெனமும் படிப்பேன்னு சொன்னவங்க 2012ல 27 சதவீதம், 2023ல வந்த ரிப்போர்ட்ல 14 சதவீதம், அதாவது பாதி. 2024ல 12ம் வகுப்பு பிள்ளைங்களோட வாசிப்பு சராசரி, அந்த அளவீடு தொடங்கின 1992ல இருந்து பாத்தா இதுவரைக்கும் வந்ததுலயே கீழ. பிரிட்டன்ல நேஷனல் லிட்டரசி டிரஸ்ட் 2024ல கேட்டப்ப, 8ல இருந்து 18 வயசு வரைக்கும் உள்ளவங்கள்ல ஓய்வு நேரத்துல படிக்கறது பிடிக்கும்னு சொன்னவங்க மூணுல ஒருத்தர்தான், 2005ல கேக்க ஆரம்பிச்சதுல இருந்து அந்த வருஷம் வரைக்கும் அதுதான் குறைவு. இதெல்லாம் இங்கிலீஷே தாய்மொழியா இருக்கற பிள்ளைங்க நெறைய உள்ள நாடுங்க, ரெண்டாவது மொழியா கத்துக்கற பிள்ளைங்க கதைய நான் சொல்லவே ஆரம்பிக்கல.

சொல்வேட்டை:
டீச்சர், வாசிப்பு குறைஞ்சுருக்குன்னு நானும் ஒத்துக்கறேன், அந்த எண்ண மறுக்க முடியாது. நான் மறுக்கறது எங்க காலத்துல எல்லாரும் ஒழுங்கா எழுதினோம்ங்கற நெனப்ப. 2019ல சயின்ஸ் அட்வான்சஸ்ங்கற ஆய்வு இதழ்ல ப்ராட்ஸ்கோ, ஸ்கூலர்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க ஒரு ஆய்வு போட்டாங்க. அதுல பெரியவங்கள்ல யாரு நல்லா படிச்சவங்களோ அவங்கதான் இந்தக் காலத்து பிள்ளைங்களுக்கு படிக்கறது பிடிக்கலன்னு அதிகமா சொன்னாங்க. இப்ப தனக்கு இருக்கற ஆர்வத்த அப்ப கூட இருந்த எல்லா பிள்ளைங்க மேலயும் ஏத்தி வெச்சுத்தான் பழச நெனச்சுப் பாக்கறோம்னு காரணம் சொல்றாங்க. செந்தூரன் சார் க்ளாஸ்ல கடைசி பெஞ்சுல இருந்தவங்க என்ன இங்கிலீஷ் எழுதினாங்கன்னு இப்ப யாருக்குத் தெரியும், அவங்க மெயில் இவர் டேபிளுக்கு வந்ததே இல்லையே.

இன்னொண்ணு, முன்ன எழுதற வேலைக்கு வந்தவங்க கொஞ்சம் பேரு. இப்ப எல்லாரும் தெனமும் எழுதறாங்க. அமெரிக்காவுல 1960கள்ல இருந்து, காலேஜ் சேர எழுதற எஸ்ஏடி தேர்வுல இங்கிலீஷ் பகுதி மார்க் எறங்கினப்ப 1977ல ஒரு குழு போட்டு விசாரிச்சாங்க, ஆரம்ப வருஷங்கள்ல எறங்கினதுல பெரும்பகுதிக்கு காரணம் முன்ன பரீட்சை பக்கமே வராத பிள்ளைங்க எல்லாம் வந்து எழுத ஆரம்பிச்சதுதான்னு சொன்னாங்க. வாசல் அகலமானா சராசரி கீழ வரும்.

செந்தூரன்77:
ஆய்வு எல்லாம் சரி தம்பி. கிளையண்ட்டுக்கு தப்பா ஒரு மெயில் போனா 1921லயும் இப்படித்தான் இருந்துச்சுன்னு நான் போய் சொல்ல முடியுமா? தப்பு தப்புதான். அப்புறம் அந்த ஆரம்ப வருஷங்கள்லனு நீங்களே சொல்றீங்க, அந்த குழு அதுக்கு அப்புறம் எறங்கினதுக்கு டிவி, லேசாக்கின பாடப்புத்தகம், ஹோம்வொர்க் குறைஞ்சதுன்னு வேற காரணமும்தான அடுக்குச்சு, அதையும் சேத்து சொல்லுங்க.

சொல்வேட்டை:
ஆமா, சொன்னாங்க. ஆனா பாருங்க சார், அந்தப் பட்டியல்ல பசங்க தானா செஞ்சதுன்னு எத்தன இருக்கு? பாடப்புத்தகத்த லேசாக்கினது யாரு, எழுத்து வேலைய குறைச்சது யாரு?

அகல்விளக்கு:
நான் ஒரு விஷயத்த கிட்ட வெச்சுக் காட்டறேன், அப்பதான் பேச்சு ஒரு எடத்துக்கு வரும்னு தோணுது. போன தடவை ஒரு பையன் எழுதின கட்டுரைய திருத்தினேன். எடுத்துக்கிட்ட விஷயம் போன் பழக்கம். ஸ்பெல்லிங் தப்பு ஒண்ணு இல்ல, சாட் பாஷை ஒரு சொல்லு கூட இல்ல, கேப்பிடல் எல்லாம் கரெக்டா இருக்கு, செந்தூரன் சார் பாத்தா சந்தோஷப்படுவாரு. ஆனா மூணாவது பத்தில திஸ் ஷோஸ் தட் இட் இஸ் பேட்னு ஒரு வாக்கியம். எது திஸ்? எது இட்? முந்தின வாக்கியத்துல போன் வருது, அம்மா வர்றாங்க, தூக்கம் வருது, இதுல எது கெட்டது? கூப்பிட்டு கேட்டேன், அவனுக்கு தெரிஞ்சிருக்கு, ராத்திரி போன் பாக்கறதால தூக்கம் போறதுன்னு தெளிவா வாயால சொன்னான். அத ஏன்டா எழுதலன்னா, அதான் மேலயே இருக்கே மிஸ்ஸுன்னான். மேல எங்கயும் இல்ல, அவன் தலைக்குள்ள இருக்கு.

எனக்கு கவலை இதுதான். படிக்கற ஆளுக்கு என்ன தெரியும் என்ன தெரியாதுன்னு நெனச்சுப் பாக்கற பழக்கம் இல்ல, அது நீளமா நெறைய படிச்சாதான் வரும், அடுத்தவன் எழுதினத படிச்சு புரியாம முழிச்சவனுக்குத்தான் தன் எழுத்துல எங்க அடுத்தவன் முழிப்பான்னு தெரியும். ஷுட் ஆஃப் எல்லாம் ஒரு வாரத்துல திருத்திடலாம், ஹேவ் அடங்கி ஒலிக்கறப்ப காதுக்கு அப்படித்தான் கேக்குது, அதனால எழுதறாங்க. இது ஒரு வாரத்துல வராது.

மின்மினி:
டீச்சர் சொல்றது எனக்கும் நடந்திருக்கு, அத ஒத்துக்கறேன். ஆனா சாட்டு மேல போடற பழி மட்டும் நியாயம் இல்ல. 2009ல பிரிட்டன்ல 10ல இருந்து 12 வயசு வரைக்கும் 88 பிள்ளைங்கள வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, மெசேஜ்ல சுருக்கெழுத்து அதிகமா போட்ட பிள்ளைங்க சொற்கள படிக்கறதுல கீழ இல்ல, மேல இருந்தாங்க.

அகல்விளக்கு:
அந்த ஆய்வு தெரியும்மா. சுருக்கினதால நல்லா படிச்சாங்கன்னு அது சொல்லல, ரெண்டும் சேந்து இருக்குன்னுதான் சொல்லுது, சொல்லோட ஒலி நல்லா பிடிபட்ட பிள்ளை ரெண்டையும் நல்லா பண்ணும். சாட் கெடுக்கலங்கறதுக்கு அது போதும், சாட் வளக்குதுன்னு சொல்ல போதாது.

மழைநேரம்:
எல்லாரும் பழைய சண்டையே போடறீங்க. என் பொண்ணு இப்ப கொண்டு வர்ற இங்கிலீஷ்ல தப்பே கெடையாது, எனக்கு அதுதான் பயமா இருக்கு. 2022 நவம்பர்ல சாட்ஜிபிடி வந்ததுல இருந்து மெல்ல மெல்ல எல்லாத்தையும் அதுகிட்டயே குடுத்து வாங்கிக்கறா, டீச்சருக்கு லீவு லெட்டர் கூட. படிச்சுப் பாத்தா வழுவழுன்னு இருக்கு, என் பொண்ணு எழுதினதுன்னு அதுல ஒரு வரி இல்ல. திட்டினா, தப்பா எழுதினா எல்லாரும் சிரிக்கறாங்கம்மா, இதுல யாரும் சிரிக்க மாட்டாங்கன்னு சொல்றா. எனக்கு பதில் சொல்ல வரல.

மின்மினி:
அக்கா உங்க பொண்ணு சொன்னது நூத்துக்கு நூறு. ஃபேமிலி க்ரூப்ல நான் இங்கிலீஷ்ல ஒரு வரி போட்டதுக்கு மாமா ஒருத்தர் அத ஸ்கிரீன்ஷாட் எடுத்து சிவப்புல வட்டம் போட்டு எல்லாருக்கும் அனுப்பினாரு. அதுக்கு அப்புறம் அந்த க்ரூப்ல நான் எழுதறதே இல்ல. தப்ப சொல்றதுக்கும் தப்ப காட்டி சிரிக்கறதுக்கும் நடுவுல இருக்கற தூரம் பெரியவங்க நிறைய பேருக்கு தெரியல, மெஷின் கிட்ட ஓடறோம்னா யாரு வெரட்டறாங்கன்னும் பாக்கணும்.

செந்தூரன்77:
தங்கச்சி, அந்த மாமா செஞ்சது தப்பு, அதுல எனக்கு ரெண்டு கருத்து இல்ல. ஆனா திருத்தினாலே மனசு ஒடைஞ்சுடும்னு விட்டுட்டா நாளைக்கு வேலை எடத்துல ஒடையும், அங்க யாரும் காரணம் கூட சொல்ல மாட்டாங்க, அடுத்த தடவை கூப்பிட மாட்டாங்க அவ்வளவுதான். நான் கண்டிப்பா இருக்கறது அதனாலதான். டீச்சர் சொன்ன திஸ் இட் கதை எனக்கும் தெரிஞ்சதுதான். நேத்து கூட ஃபைல் நாட் வொர்க்கிங், ப்ளீஸ் செக்னு ஒரு மெயில். எந்த ஃபைல், எந்த மெஷின்ல, தொறக்கவே இல்லையா, தொறந்து நின்னுடுச்சா, ஒண்ணும் இல்ல. ஆனா இதெல்லாம் ஸ்கூல்ல முடிச்சு அனுப்ப வேண்டியது, ஆபீஸ் வந்து கத்துக்கற விஷயம் இல்ல.

அகல்விளக்கு:
சார், ஸ்கூல்ல அவன் யாருக்கு எழுதறான்? எனக்கு. நான்தான் கேள்வியையே குடுத்தேன், பதில் என்னன்னு எனக்கு முன்னாடியே தெரியும், அவன் பாதி சொன்னாலும் மீதிய நான் நிரப்பிக்கிட்டு மார்க் போட்டுடறேன். விஷயம் தெரியாத ஒரு ஆளுக்கு அவன் முதல் முதலா எழுதறதே உங்களுக்குத்தான். அதனால இப்ப நான் க்ளாஸ்ல எழுதினத பக்கத்துல இருக்கறவன் கிட்ட மாத்திக் குடுத்து, புரியாத எடத்துல வெறும் கேள்விக்குறி மட்டும் போட சொல்றேன், தப்பு ரைட்டு எதுவும் போடக்கூடாது. அந்தப் பையன் கட்டுரைல மூணாவது பத்தி முழுக்க கேள்விக்குறி விழுந்துச்சு, அடுத்தத அவனே மாத்தி எழுதிட்டு வந்தான். உங்களுக்கு வந்த அந்த ஃபைல் மெயில்ல நீங்க இங்க கேட்ட மூணு கேள்வியையும் அந்தப் பையனுக்கு திருப்பி அனுப்பினீங்களா?

செந்தூரன்77:
இல்ல, நானே போய் பாத்து சரி பண்ணிட்டேன், நேரம் இல்ல. இன்னைக்கு அனுப்பறேன். ஆனா கேப்பிடல் லெட்டர் விஷயத்துல நான் எறங்கி வர மாட்டேன் டீச்சர், அத இப்பவே சொல்லிடறேன்.

அகல்விளக்கு:
எறங்க வேண்டாம் சார், அத ரெண்டாவது மெயில்ல சொல்லுங்க.